தடை மட்டுமே மருந்தாகாது!

கடந்த 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையில் தாக்கலான ஒரு மசோதா அன்று மாலையே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையும் அதற்கு ஒப்புதல் அளித்தது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. மூன்றே நாள்களில் சட்டமான அந்த மசோதா, இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறை மசோதா. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பாக எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு நடுவே, இரு அவைகளிலும் விவாதம் ஏதுமின்றிக் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேற்றப்பட்டது.

சட்டத்தின் நோக்கம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்கள் அனைத்தையும், அது திறன் சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற பழைய வாதத்துக்கு இடம் தராமல், இச்சட்டம் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்து கொடுப்போரும் தப்ப முடியாது. ஆடியவரைக் குற்றவாளியாகக் கருதாமல், பாதிக்கப்பட்டவராகப் பார்த்து விலக்கு அளித்திருப்பது இச்சட்டத்தின் மனிதநேயமான அம்சம்.

ஆனால், விவாதமின்றி நிறைவேறும் சட்டங்களில் கேட்கப்படாத கேள்விகள் தங்கிவிடுகின்றன. ஆடியவர் பாதிக்கப்பட்டவர் என்றால் அவருக்கான சிகிச்சை எங்கே? 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாயை இந்த ஆட்டங்களில் இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பே மதிப்பிட்டது. அவர்களுள் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டவர்கள் எங்கே போவார்கள்? சிறைத் தண்டனையையும் அபராதத்தையும் விரிவாகப் பேசும் சட்டத்தில், சிகிச்சைக்கோ மனநல உதவிக்கோ ஒரு பிரிவும் இல்லை. அவையில் விவாதம் நடந்திருந்தால், கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பெற்ற உறுப்பினர் ஒருவராவது எழுந்து இதைக் கேட்டிருக்கக்கூடும்.

கல்லூரி மாணவர்களைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் 58 கல்லூரிகளின் மாணவர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. விடையளித்த 5,580 பேரில் 19.5 சதவீதத்தினர் வாழ்வில் ஒருமுறையேனும் பணம் வைத்து ஆடியிருந்தனர். 7.4 சதவீதத்தினரிடம் அது சிக்கலான பழக்கமாகவே மாறியிருந்தது. அதாவது, ஆடிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதன் பிடியில் சிக்கியிருந்தனர். தேர்வில் தோல்வி, போதைப் பழக்கம், மன உளைச்சல், தற்கொலை எண்ணம் ஆகியவையும் இவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டன. அன்று அவர்கள் அதிகம் நாடிய ஆட்டம், 1967 முதல் அந்த மாநில அரசே நடத்திவரும் லாட்டரிதான்.

அந்த ஆய்வுக்குப் பிறகு காலம் வெகுவாக மாறிவிட்டது. 2016-இல் அறிமுகமான யுபிஐ பணப் பரிமாற்றம் தேநீர்க் கடை வரை வந்து சேர்ந்தது. மலிவு விலையில் இணைய வசதி கிடைத்தது. லாட்டரிச் சீட்டு வாங்கக் கடைக்கு நடக்க வேண்டும். சீட்டாட நாலு பேர் கூட வேண்டும். குதிரைப் பந்தயத்துக்கு ஊரில் மைதானம் வேண்டும். கைப்பேசிச் சூதுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. விடுதி அறையில், போர்வைக்குள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நண்பனுக்கும் தெரியாமல் ஆடலாம். தந்தை அனுப்பிய தேர்வுக் கட்டணம் போனால், சில நிமிடங்களில் கடன் தரும் செயலியும் அதே கைப்பேசியில் இருக்கிறது. பணம் போன பிறகும் கையில் புத்தகத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்குத் தெரியவரும்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடவா தெரியாது?" என்பது. நிகழ்தகவுக் கணக்கைத் தேர்வில் சரியாகப் போடும் மாணவனுக்கு, நீண்ட நேரம் ஆடினால் தோற்பது உறுதி என்பது தெரியும். தெரிந்தே ஆடுகிறான். அப்படியானால் குறை அறிவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

மனநல மருத்துவம் இதற்கு ஒரு விடையைச் சுட்டுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியாஸ் 1970-களின் தொடக்கத்தில் 'அலெக்ஸிதைமியா' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்க வேர்களிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு, உணர்வுகளுக்குச் சொல் இல்லாத நிலை என்று பொருள். உணர்வே இல்லாதவர்கள் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், தூக்கம் வராது. ஆனால், அது பயமா, அவமானமா, தனிமையா, கோபமா என்று அவர்களால் இனம்பிரிக்க முடியாது. பிறரிடம் எடுத்துச் சொல்லவும் வராது. 'என்னவோ போல இருக்கிறது' என்பதோடு பேச்சு நின்றுவிடும். கவனம் முழுவதும் வெளியில் நடப்பவற்றின் மீதே இருக்கும். இது நோயன்று, மனிதரிடையே கூடியும் குறைந்தும் காணப்படும் ஓர் இயல்பு. இதை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றைக் கனடாவின் டொரோண்டோ நகர ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். உலகெங்கும் அது பயன்பாட்டில் உள்ளது.

இந்த இயல்புக்கும் சூதாட்டத்துக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் பரிசோதிக்கப்பட்டவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் அடங்குவர். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், சூதாட்டத்துக்கு அடிமையானவர்களிடையே உணர்வை இனங்காண இயலாதோரின் பங்கு மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. 2005-இல் வெளியான கனடா ஆய்வும் இளையோரிடையே இதே தொடர்பைக் கண்டது. ஒன்றிலிருந்துதான் மற்றது பிறக்கிறது என்று இந்த ஆய்வுகளை வைத்து அறுதியிட்டுக் கூறிவிட முடியாது. உணர்வைச் சொல்லத் தெரியாத எல்லோரும் சூதாடுவதில்லை. சூதாடும் எல்லோரும் இந்த வகையினர் அல்லர். ஆனாலும், எந்த மாணவன் எளிதில் வழுக்கி விழுவான் என்பதற்கு இது ஒரு முக்கியமான அடையாளம்.

இதன் செயல்பாட்டைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பருவத் தேர்வில் பின்தங்கிய மாணவனை ஒரு நிம்மதியின்மை பிடித்துக்கொள்கிறது. இது அவமானம் என்று அவனால் பெயரிட முடிந்தால், நண்பனிடம் சொல்வான், ஆசிரியரைப் பார்ப்பான், அம்மாவிடம் அழுவான். பெயர் தெரியாதபோது, எப்படியாவது அதை அடக்கிவிட வேண்டும் என்ற தவிப்பே மிஞ்சுகிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தின் பரபரப்பு அந்தத் தவிப்பைச் சில நிமிடங்களுக்கு மறைக்கிறது. தோற்றதும் அது இரட்டிப்பாகத் திரும்புகிறது. இழந்ததைப் பிடித்துவிட வேண்டும் என்று மீண்டும் ஆடுகிறான். மயிரிழையில் நழுவிய வெற்றி என்று தோன்றும்படி ஆட்டங்கள் அமைந்திருப்பதும், எப்போது வெல்வோம் என்று கணிக்க முடியாதபடி பரிசு வந்து விழுவதும் அவனைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆசை காட்டி இழுத்த ஆட்டம் இப்போது வலி மறக்கும் மாத்திரையாகிவிட்டது. பேராசைக்காரன் என்று அவனைத் திட்டுவதால் பயனில்லாமல் போவது இதனால்தான்.

இந்தச் சொல் பஞ்சத்தில் நம் குடும்பங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் பங்குண்டு. ஆண்பிள்ளை அழக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம். பள்ளியிலிருந்து திரும்பும் குழந்தையிடம் 'மதிப்பெண் எவ்வளவு?' என்று கேட்கும் வீடுகள் பல. 'இன்று எப்படி இருந்தது?' என்று கேட்கும் வீடுகள் சில. போட்டித் தேர்வுப் பயிற்சிக்காக ராஜஸ்தானின் கோட்டாவுக்கும் தில்லியின் முகர்ஜி நகருக்கும் வரும் பிள்ளைகளை வரிசை எண்ணாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

மொழிச் சிக்கல் வேறு. தெற்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் தலைநகருக்குப் படிக்க வரும் மாணவன், பாடத்தை ஆங்கிலத்தில் கற்கிறான். கடையில் இந்தியில் பேசுகிறான். மனத்தின் கலக்கத்தை மட்டும் தாய்மொழியில் சொல்ல ஆளில்லாமல் விழுங்கிவிடுகிறான். ஆலோசகர் ஒருவர் இருந்தாலும் அவர் கேட்பது ஆங்கிலத்தில். உணர்வின் வெளிப்பாட்டை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்து, அதற்கென ஓர் இயலையே தொல்காப்பியத்தில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்த மொழியில் வளர்ந்த பிள்ளையிடமும் 'டென்ஷன்' என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சியிருக்கிறது. பயத்துக்கும் துக்கத்துக்கும் வெட்கத்துக்கும் அதுவே பெயர்.

மருத்துவ உலகம் இதை ஒழுக்கக் குறைவு என்ற பட்டியலிலிருந்து எடுத்து நெடுநாள் ஆகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் கட்டுக்கடங்காத சூதாட்டத்தை 1980-இல் மனநலக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2013-இல் மதுவும் போதைப் பொருளும் உள்ள அடிமைநோய்ப் பிரிவுக்கே அதை மாற்றியது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலிலும் அதே இடம்தான். நம் ஆட்சியாளர்களோ இதை வரி வருவாயாகப் பார்த்தார்கள். பிறகு குற்றமாகப் பார்த்தார்கள். நோயாகப் பார்க்க இன்னும் தொடங்கவில்லை.

வருவாயாகப் பார்த்த கதையையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2023 அக்டோபர் முதல் இணையவழி ஆட்டங்களில் கட்டப்படும் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. அடுத்த ஆறு மாதங்களில் அரசுக்குக் கிடைத்தது 6,909 கோடி ரூபாய். முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 412 சதவீத உயர்வு என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2024 செப்டம்பரில் பெருமிதத்தோடு அறிவித்தார். அந்தத் தொகையில் விடுதி அறைகளிலிருந்து வந்த கல்விக் கட்டணமும் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. அதில் ஒரு சிறு பங்கையாவது, இழந்தவர்களின் சிகிச்சைக்கெனத் தனியாக ஒதுக்கியிருக்கலாம் அல்லவா?

சிகிச்சை தர ஆளும் இல்லை என்பது அடுத்த அவலம். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்களே இருக்கிறார்கள் என்று சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் சுட்டிக்காட்டியது. லட்சத்துக்கு மூவர் என்ற இலக்கை எட்ட மேலும் 27,000 பேர் தேவை என்றும் அது கணக்கிட்டது. மனநல உதவி தேவைப்படுவோரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அது கிட்டவில்லை என்பது 2015-16 தேசிய மனநல ஆய்வின் முடிவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்துக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவை 2014-லேயே தொடங்கியது. அதைப் போன்றவை மாவட்டந்தோறும் பரவியிருக்க வேண்டும், பரவவில்லை.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்திருக்கிறது. 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. இதைச் சூதாட்டத்தின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது. ஆனால், சொல்லப்படாத துயரம் எந்த எல்லைக்குப் போகும் என்பதை இந்த எண்ணிக்கை காட்டுகிறது. 2025 ஜூலை 25-ஆம் தேதி நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு நாடு முழுமைக்கும் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர், பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதிவைக்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும்.

இந்த உத்தரவு சடங்காகிவிடக் கூடாது என்பதே நம் கவலை. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் ஆலோசனை அறைகளை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் உறுப்பினராக இருக்கும் பேராசிரியரையே ஆலோசகர் என்று அறிவித்துவிட்டால், கடன்பட்ட மாணவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். சொன்னால் விடுதியிலிருந்து நீக்குவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்கப்போவதில்லை.

தடைச் சட்டமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஆபத்தானது. இதில் தமிழகத்தின் அனுபவம் பாடமாக அமையும். 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகும் எண் லாட்டரி கள்ளத்தனமாக விற்கப்படுவதும் அவ்வப்போது கைது நடப்பதும் நாம் அறிந்தவை. இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தை அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே.சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் பேரவை நிறைவேற்றிய புதிய மசோதா, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் நிறைவேற்றப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. அதிலிருந்தும் ரம்மியும் போக்கரும் நீதிமன்றத் தீர்ப்பால் நழுவின. மத்திய அரசின் சட்டத்துக்கு எதிராகப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வழக்குகளில் எந்தத் தீர்ப்பு வந்தாலும், வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டு வந்தவண்ணமே இருக்கும். கட்டுப்பாடு உள்ள கடை மூடப்பட்டால், அடிமையாகிவிட்டவன் கட்டுப்பாடே இல்லாத கடையைத் தேடுவான். கதவை அடைப்பது அரசின் கடமை. உள்ளே சிக்கியவரை வெளியே கொண்டுவருவதும் அதே அரசின் கடமைதான்.

செய்யக்கூடியவை நம் கைக்கு எட்டாதவை அல்ல. சட்டத்தின் கீழ் வசூலாகும் அபராதத்தையும், லாட்டரி, குதிரைப் பந்தயம் போன்றவற்றிலிருந்து இன்றும் வரும் வரியில் ஒரு பங்கையும் சிகிச்சைக்கான தனி நிதியாக்க வேண்டும். தேசிய மனநல ஆய்வுகளில் சூதாட்டத்துக்கெனத் தனிக் கேள்விகள் இடம்பெற வேண்டும். எண்ணப்படாத நோய்க்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. முதலாண்டு மாணவர்களுக்குப் பகடிவதைத் தடுப்பு பற்றிச் சொல்வதைப் போலவே, சூதாட்டம், உடனடிக் கடன் செயலிகள் பற்றியும் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும். ஆலோசகர்கள், பணம் பற்றி விசாரிப்பதற்கு முன் மனநிலை பற்றி விசாரிக்கவும், மாணவனின் தாய்மொழியில் பேசக்கூடியவரிடம் அவனை அனுப்பவும் பயிற்சி பெற வேண்டும். தானாக வந்து உண்மையைச் சொல்லும் மாணவன் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுக்காது என்ற உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் 24 மணி நேரமும் இயங்குகிறது. கிரிக்கெட் ஒளிபரப்பின் இடைவேளைகளில் ஆண்டுக்கணக்கில் பந்தய விளம்பரங்களைக் கேட்ட காதுகளில் இந்த எண்ணும் விழட்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. வங்கிக் கணக்கில் பணம் குறைவதை மட்டும் கண்காணித்தால் போதாது. பேச்சுக் குறைவதையும், இரவில் விழித்திருப்பதையும், காரணமின்றிப் பணம் கேட்பதையும் கவனிக்க வேண்டும். தெரியவந்தால், கடனை ரகசியமாக அடைத்துவிட்டு விஷயத்தை மூடிவிடுவதும் தவறு. அடித்து அவமானப்படுத்துவதும் தவறு. முதலாவது அடுத்த ஆட்டத்துக்கு முதலீடாகிறது. இரண்டாவது, எந்த வலியிலிருந்து தப்ப ஆடினானோ அந்த வலியையே பெருக்குகிறது.

இது தனிமனித பலவீனம், அரசு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தருமத்தின் வடிவமாகப் போற்றப்பட்ட தருமனே, தோற்கத் தோற்க ஆடி, நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்ததாக மகாபாரதம் சொல்கிறது. பெரியோர் நிறைந்த சபை அதைப் பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தது. அன்றைய சபையின் மௌனத்தைக் காலங்காலமாகக் கண்டித்துவரும் நாம், இன்றைய அவைகள் இதைப் பற்றிப் பேசாமல் கலைவதை மட்டும் ஏற்றுக்கொள்ளலாமா?

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் 94-ஆவது. அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து. சூதை மதுவின் பக்கத்தில் வைக்க இன்றைய மருத்துவத்துக்கு 2013 வரை ஆனது. மதுவையும் சூதையும் தடுக்கச் சட்டம் இயற்றத் தெரிந்த நம் ஆட்சியாளர்கள், அடுத்த அதிகாரத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். விவாதமின்றி நிறைவேறிய சட்டத்தில் விடுபட்டதை, விவாதித்துச் சேர்க்க நாடாளுமன்றத்துக்கு இப்போதும் வாய்ப்பிருக்கிறது. அந்த விவாதத்தைக் கோரி முதலில் எழுந்து நிற்கப்போகும் உறுப்பினர், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், ஆயிரக்கணக்கான விடுதி அறைகளின் சார்பில் பேசியவராவார்.